டிக்கெட்டில் காலியாகக் கிடக்கும் அந்தப் பெட்டி: எந்த மைல் திட்டத்தில் சேருவது?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, சிங்கப்பூர் டிக்கெட் போட்டுட்டு இருக்கேன். ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் நம்பர்னு ஒரு பெட்டி வருது. அதுல என்ன போடணும்?"

"உன்கிட்ட நம்பர் இருக்கா?"

"இல்ல மாமா."

"அப்ப இன்னிக்குப் போடாத. ராத்திரி பேசிட்டு நாளைக்குப் போடு."

ஒரு பெட்டிக்காக ஒரு நாளா என்று சிரித்தாள். நானும் எட்டு வருடம் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டவன்தான். அது முதல் தப்பு. அப்புறம் புத்தி வந்து, ஏறிய விமானத்தின் திட்டத்திலெல்லாம் சேர்ந்தேன். ஒன்றில் இரண்டாயிரம் மைல், இன்னொன்றில் மூவாயிரம், மற்றொன்றில் எழுநூறு. எதுவும் எதற்கும் உதவாமல் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆனது. அது முதல் தப்பைவிடப் பெரியது. அன்று ராத்திரி அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே கோல்டு கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

விஷயம் எளிது. நீங்கள் பறந்தால் விமான நிறுவனம் உங்கள் கணக்கில் மைல் அல்லது பாயிண்ட் போடும். அது சேர்ந்ததும் டிக்கெட்டாகவோ மேல் வகுப்பு இருக்கையாகவோ மாற்றிக்கொள்ளலாம். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தைப் பார்த்து மற்ற எல்லோரும் தொடங்கினார்கள். சேருவதற்குக் காசு கிடையாது. அதனால்தான் எதில் சேருவது என்று யாரும் யோசிப்பதில்லை.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

எந்த நிறுவனம் நல்லது, எதில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற பேச்சையெல்லாம் ஓரமாக வையுங்கள். மின்னஞ்சலைத் திறந்து, கடந்த இரண்டு வருடத்தில் வந்த டிக்கெட்டுகளைத் தேடி எடுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எந்த விமானம், யார் காசு கொடுத்தது, எத்தனை பேர் போனீர்கள். அடுத்த வருடம் உறுதியாகத் தெரிந்த பயணங்களையும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். போக ஆசைப்படும் ஊர்களை எழுத வேண்டாம். பாரிஸ் போவோம் என்று நினைத்து ஒரு திட்டத்தில் சேர்ந்து, கடைசியில் வருடா வருடம் மதுரைக்கும் கொழும்புக்கும் மட்டுமே போய்வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

"யார் காசு கொடுத்தது" என்ற கேள்வி முக்கியம். கம்பெனி காசில் போனாலும் மைல் பெரும்பாலும் உங்கள் பெயரில்தான் விழும். வருடத்துக்கு ஐந்து ஆறு முறை கம்பெனி அனுப்பினால், உங்கள் சொந்தப் பயணம் எங்கே என்பது இரண்டாம் பட்சம். கம்பெனி எந்த விமானத்தில் ஏற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் கணக்கும் இருக்க வேண்டும்.

அக்கா மகளின் தாளில் இருந்தது இதுதான்: சென்னை–சிங்கப்பூர் வருடத்துக்கு இரண்டு முறை, சொந்தக் காசு. தம்பி நியூஜெர்சியில் இருப்பதால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை அமெரிக்கா. உள்ளூரில் எப்போதாவது டெல்லி. மூன்று வரி. இந்த மூன்று வரியை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.

யார் யாரோடு கூட்டு

ஒரு விமானத்தில் பறந்தால் அதன் மைலை அதே நிறுவனத்தின் கணக்கில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூட்டாளி நிறுவனத்தின் கணக்கிலும் போடலாம். புதிதாக வருபவர்களுக்கு இது தெரியாததால்தான் ஏறும் விமானத்துக்கெல்லாம் ஒரு கணக்கு திறக்கிறார்கள்.

உலகில் பெரிய கூட்டணிகள் மூன்று. 1997இல் தொடங்கியது ஸ்டார் அலையன்ஸ். நம் ஊர்களுக்கு வந்துபோகும் நிறுவனங்களில் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ் இதில் இருக்கின்றன. ஏர் இந்தியா சேர்ந்தது 2014 ஜூலையில். அமெரிக்காவின் யுனைடெட்டும் கனடாவின் ஏர் கனடாவும் இதே கூட்டணிதான். 1999இல் தொடங்கிய ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ், கத்தே பசிபிக் ஆகியவை உண்டு. 2025இல் ஓமன் ஏர் சேர்ந்தது. மூன்றாவது ஸ்கைடீம், ஏர் பிரான்ஸ், டெல்டா, சவுதியா அதில் இருக்கின்றன. தென்னிந்தியப் பயணிகளுக்கு முதல் இரண்டு கூட்டணிகள்தான் அதிகம் பயன்படும்.

எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனியாக நிற்பவர்களும் உண்டு: எமிரேட்ஸ், எதிஹாட், இண்டிகோ. தனி என்றாலும் அவர்களுக்கும் தனித்தனியாகக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். கனடாவில் இருப்பவர் எமிரேட்ஸில் துபாய் வழியாகச் சென்னைக்கோ கொழும்புக்கோ வந்தாலும் அந்தப் பறப்பை ஏர் கனடாவின் ஏரோப்ளான் கணக்கில் போடலாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. திருச்சி விமான நிலையத்தைப் பயன்படுத்துபவர்கள் இதில் அடிக்கடி விழுவார்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏர் இந்தியாவின் குடும்பம்தான், ஆனால் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல. ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குடும்பம். அதுவும் ஸ்டார் அலையன்ஸ் அல்ல. ஸ்கூட்டில் பறந்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் மைல் சேர்க்கலாம், அது வேறு விஷயம். ஆனால் யுனைடெட் கணக்கு எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் விழாது. வாலில் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிக்கெட்டில் "இயக்குபவர்" என்று எந்த நிறுவனம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இப்போது உங்கள் தாளில் ஒவ்வொரு பயணத்துக்கு எதிரேயும் கூட்டணியின் பெயரை எழுதுங்கள். எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் பக்கம். லண்டனில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது சுலபம். கொழும்புக்கு நேராகப் போகும் ஸ்ரீலங்கன், தோகா வழியாகப் போகும் கத்தார், சென்னைக்கு நேராக வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூன்றும் ஒன்வேர்ல்ட்தான். மூன்று கணக்கு தேவையே இல்லை.

எவ்வளவு விழும், எப்போது அழியும்

கூட்டணி முடிவானதும் அதற்குள் எந்த நிறுவனத்தின் திட்டம் என்ற கேள்வி வரும். விளம்பரத்தில் இல்லாத கணக்கு இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மைல் போடுவதில் இரண்டு வகை. ஒன்று தூரக் கணக்கு: எத்தனை மைல் பறந்தீர்களோ அதில் ஒரு சதவீதம். மற்றொன்று செலவுக் கணக்கு: டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதற்கேற்ற பாயிண்ட். ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் செலவுக் கணக்குக்கு மாறியது. அதன் திட்டத்துக்கு 2025இல் மகாராஜா கிளப் என்று பெயரும் மாறியது. இண்டிகோவின் புளூசிப் திட்டமும் செலவுக் கணக்குதான். மலிவு டிக்கெட் தேடிப் பிடிப்பவருக்குச் செலவுக் கணக்கில் குறைவாகத்தான் விழும். கடைசி நேரத்தில் கூடுதல் விலை கொடுத்துப் போகிறவருக்கு, அதாவது கம்பெனிக்காரருக்கு, அது லாபம்.

தூரக் கணக்கில் மலிவு டிக்கெட் தப்பித்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. உங்கள் மின்–டிக்கெட்டில் "கிளாஸ்" என்ற இடத்தில் ஒய், எம், கே, வி என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். ஒரே எகானமி, ஒரே இருக்கை, ஒரே சாப்பாடு. ஆனால் எழுத்தைப் பொறுத்து நூறு சதவீதம் விழலாம், ஐம்பது விழலாம், இருபத்தைந்து விழலாம், சுத்தமாக ஒன்றுமே விழாமலும் போகலாம். கூட்டாளி விமானத்தில் பறக்கும்போது இந்த எழுத்து இன்னும் கடுமையாக வேலை செய்யும். அதனால் சேருவதற்கு முன், உங்கள் பழைய டிக்கெட்டில் இருக்கும் எழுத்தை எடுத்துக்கொண்டு, சேர நினைக்கும் திட்டத்தின் இணையதளத்தில் கூட்டாளிப் பட்டியலைத் திறந்து, அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். "வேர் டு கிரெடிட்" என்ற இணையதளத்தில் நிறுவனத்தையும் எழுத்தையும் கொடுத்தால் எந்தத் திட்டத்தில் எவ்வளவு விழும் என்று வரிசையாகக் காட்டும். அங்கே பார்த்துவிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 1,800 மைல். அவள் வாங்குவது மலிவு டிக்கெட். பாதிதான் விழும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 900, போய்வந்தால் 1,800. வருடத்துக்கு இரண்டு முறை போனால் 3,600. கிரிஸ்ஃப்ளையரில் சேர்த்த மைல் மூன்று வருடத்தில் அழிந்துவிடும். ஆக, எந்த நேரத்திலும் அவள் கணக்கில் அதிகபட்சம் 10,800 மைல்தான் நிற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் அதே தடத்தில் ஒரு வழி டிக்கெட் எடுக்கவே 15,000 மைலுக்கு மேல் வேண்டும். சிங்கப்பூர்ப் பயணங்களை மட்டும் நம்பினால், வாழ்நாள் முழுக்க இப்படியே பறந்தாலும் அவளுக்கு ஒரு டிக்கெட்கூட வராது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "அப்ப சேரவே வேணாமா மாமா?" என்றாள். சேரலாம், ஆனால் பானையை மாற்ற வேண்டும்.

காலாவதி விதி மூன்று விதம். முதலாவது, எது எப்படியானாலும் குறிப்பிட்ட காலத்தில் அழிவது. கிரிஸ்ஃப்ளையர் அப்படித்தான். எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸும் அப்படித்தான். மூன்று வருடம் கழித்து, உங்கள் பிறந்த மாதக் கடைசியில் அழியும். இரண்டாவது, கணக்கில் அசைவு இருந்தால் அழியாது, இல்லாவிட்டால் அழியும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தாரும் பயன்படுத்தும் ஏவியோஸ் பாயிண்ட் இந்த ரகம். 36 மாதத்தில் ஒரு முறையாவது ஏதாவது சேர்த்தாலோ செலவழித்தாலோ போதும். ஏரோப்ளானில் அந்த அவகாசம் 18 மாதம். மூன்றாவது, அழியவே அழியாதது. யுனைடெட் 2019இலிருந்து அப்படித்தான், டெல்டா அதற்கும் முன்பிருந்தே.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பறப்பவருக்கு எவ்வளவு விழுகிறது என்பதைவிட எப்போது அழிகிறது என்பதே பெரிய கேள்வி. நான் பார்த்தவரை நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதா மாதம் பறப்பவர் காலாவதி பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அவருக்கு அழிவதற்குள் செலவாகிவிடும்.

அவளுக்கு நான் சொன்னது யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ். யுனைடெட் விமானத்தில் அவள் ஒரு முறைகூட ஏறியதில்லை, அது பரவாயில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போனாலும், டெல்லிக்கு ஏர் இந்தியாவில் போனாலும், தம்பியைப் பார்க்க லுஃப்தான்சாவில் போனாலும் எல்லாம் ஒரே கணக்கில் சேரும், அழியாது. எழுத்தைப் பொறுத்துச் சில டிக்கெட்டில் கிரிஸ்ஃப்ளையரைவிடக் குறைவாக விழலாம். மெதுவாகச் சேர்ந்தாலும் ஒரு நாள் ஒரு டிக்கெட் கைக்கு எட்டலாம்.

டிக்கெட்டா, கிலோவா?

மைல் என்றாலே இலவச டிக்கெட் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் இந்தத் திட்டங்களில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று செலவழிக்கும் மைல். மற்றொன்று தகுதி: சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று ஏறும் படி. தகுதிக் கணக்கு ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதைச் செலவழிக்க முடியாது, அனுபவிக்க மட்டும் முடியும்.

நம் ஆட்களுக்குத் தகுதியால் கிடைக்கும் உண்மையான லாபம் லவுஞ்ச் அல்ல, கிலோ. ஊரிலிருந்து திரும்பும் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல், சாம்பார் பொடி, மாவடு, இரண்டு கிலோ முறுக்கு, கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை "என் பையன்கிட்ட குடுத்துடுப்பா" என்று நீட்டிய பொட்டலம். வீட்டுத் தராசில் 30 காட்டியது, விமான நிலையத் தராசில் 34 காட்டும். கவுன்ட்டருக்கு ஓரமாகப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்று குடும்பமே குனிந்து விவாதிப்பதைத் திருச்சியில் எந்த ராத்திரியும் பார்க்கலாம்.

ஸ்டார் அலையன்ஸ் கோல்டு தகுதி இருந்தால், எடைக் கணக்கு உள்ள தடங்களில் (பெட்டிகளுக்கு மொத்தம் இத்தனை கிலோ என்று வரம்பு வைப்பவை) 20 கிலோ கூடுதல். பெட்டிக் கணக்கு உள்ள தடங்களில் (இத்தனை பெட்டி என்று வரம்பு வைப்பவை) ஒரு பெட்டி கூடுதல். அந்தக் கூட்டணியின் எந்த விமானத்திலும் இது செல்லும், எகானமி டிக்கெட்டாக இருந்தாலும். எமிரேட்ஸில் சில்வருக்கே எடைக் கணக்குத் தடங்களில் 12 கிலோ கூடுதல் உண்டு. ஆனால் ஸ்டார் அலையன்ஸ் சில்வருக்குக் கூட்டணி அளவில் கிலோ எதுவும் கிடையாது. வெறும் சில்வர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை.

அப்படியானால் கோல்டுக்கு ஓடலாமா? கிரிஸ்ஃப்ளையர் கோல்டுக்குப் பன்னிரண்டு மாதத்தில் 50,000 தகுதி மைல் வேண்டும். எமிரேட்ஸ் சில்வருக்கு 25,000. சென்னை–பிராங்க்ஃபர்ட் ஒரு வழி 4,700 மைலை ஒட்டி வரும். முழு மைல் விழும் டிக்கெட்டில் வருடத்துக்கு ஆறு முறை போய்வருகிற ஐடி ஆலோசகருக்கு ஐம்பதாயிரம் எட்டும். வருடத்துக்கு ஒரு முறை துபாயிலிருந்து ஊருக்கு வந்துபோகிறவருக்கு எட்டாது. எட்டாது என்று தெரிந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். தகுதிக்காகத் தேவையில்லாத பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு பொழுதுபோக்கு, சிக்கனம் அல்ல.

பலர் கவனிக்காத ஒரு குறுக்கு வழியும் உண்டு. வாரா வாரம் சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ கம்பெனி செலவில் ஏர் இந்தியாவில் பறப்பவர், அந்த உள்ளூர்ப் பயணங்களை வைத்தே மகாராஜா கிளப்பில் கோல்டு ஏறலாம். அந்த கோல்டு, ஸ்டார் அலையன்ஸ் கோல்டும்தான். வருடத்துக்கு ஒரு முறை சொந்தக் காசில் சிங்கப்பூர் போகும்போது அந்த 20 கிலோ அங்கேயும் செல்லும். இண்டிகோவில் அதே அளவு பறந்தால் இந்த வெளிநாட்டு லாபம் கிடையாது. கம்பெனி உங்களுக்குத் தேர்வு கொடுத்தால் யோசித்துப் பாருங்கள்.

குடும்பமாகப் போகிறீர்களா?

நான்கு பேர் போனால் நான்கு கணக்கு, நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம். இதைத் தடுக்கச் சில திட்டங்கள் குடும்ப மைலை ஒரே குடத்தில் ஊற்ற விடுகின்றன. எமிரேட்ஸில் "மை ஃபேமிலி" உண்டு, பிரிட்டிஷ் ஏர்வேஸில் வீட்டுக் கணக்கு உண்டு, ஏரோப்ளானில் எட்டுப் பேர் வரை சேரலாம். குழந்தைகளோடு வருடம் ஒரு முறை வளைகுடாவிலிருந்து எமிரேட்ஸில் வருகிறவருக்கு, மூன்று வருடக் காலாவதி இருந்தாலும், நாலு பேர் மைலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு டிக்கெட் எட்டும் தூரத்தில் வந்துவிடும். தனி ஆளாகச் சேர்த்தால் எட்டாது. கிரிஸ்ஃப்ளையரில் பெயர் கொடுத்து வைத்த ஐந்து பேர் வரை உங்கள் மைலில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அது ஒருவர் மைலைப் பலர் அனுபவிப்பது, பலர் மைலை ஒன்றாகச் சேர்ப்பது அல்ல.

பெயர்

திட்டத்தை முடிவு செய்தாயிற்று, இனி சேர வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் நாம் தவறு செய்யும் இடம் ஒன்றுதான்: பெயர்.

நமக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் "ச. முருகன்". ஆதாரில் "முருகன் ச". பாஸ்போர்ட்டில் முருகன் என்பது கொடுத்த பெயராகவும், அப்பா பெயரான சண்முகம் குடும்பப் பெயராகவும் இருக்கும். இன்னும் சிலருக்குக் குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். அப்போது சில நிறுவனங்கள் டிக்கெட்டில் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடும். சில இடங்களில் "குடும்பப் பெயர் இல்லை" என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் போடும். மைல் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் இயந்திரம் இரண்டும் ஒரே ஆள் என்று ஒத்துக்கொள்ளாது.

நான் முன்னெழுத்தோடு ஒரு கணக்கு திறந்திருந்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. பதினோரு மாதம் பறந்ததில் ஒரு மைல்கூட விழவில்லை. பெயரை மாற்றச் சொல்லி எழுதினால் சான்று கேட்டார்கள். சான்று அனுப்பினால் பாதிப் பயணங்களுக்குக் கேட்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். தவறு என்னுடையதும்தான்.

அதனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் எந்த இடத்தில் எது இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து கணக்கிலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்கள், அந்த நிறுவனம் டிக்கெட்டில் உங்கள் பெயரை எப்படிப் போடுகிறது என்று பார்த்து, கணக்கிலும் அப்படியே வையுங்கள். பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளதுதான், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதாக இருந்தாலும்.

டிக்கெட் போடும்போது

இணையத்தில் நீங்களே போட்டால் பெட்டியில் எண்ணைப் போடுங்கள், வேலை முடிந்தது. டிராவல்ஸ் ஆபீஸில் போட்டால் அவர்கள் தானாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் செக்–இன் கவுன்ட்டரில் சொல்லலாம். போர்டிங் பாஸில் உங்கள் எண் அச்சாகி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில்தான் மைல் விழும். கவுன்ட்டரில் வேறு நிறுவன எண் தெரிந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

டிராவல்ஸில் இன்னொரு விஷயம் கேளுங்கள்: "இது குரூப் ஃபேரா, சீரிஸ் ஃபேரா?" சீசனில் மொத்தமாக வாங்கி வைத்து விற்கும் டிக்கெட்டுகள் விலை குறைவு, ஆனால் பெரும்பாலும் மைல் விழாது. வித்தியாசம் இரண்டாயிரம் மூன்றாயிரம் ரூபாய் என்றால் மைலை மறந்துவிட்டு மலிவானதையே வாங்குங்கள். மைலுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது சில்லறைக்காக நோட்டைக் கிழிப்பது மாதிரி.

பயணம் முடிந்து மைல் விழும்வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறிய வேண்டாம். போன் படமாக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று வாரத்தில் விழாவிட்டால் திட்டத்தின் தளத்தில் "விடுபட்ட மைல்" என்ற படிவம் இருக்கும். மின்–டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள்.

செலவழிக்கிறபோது தெரியும் கசப்பு

இலவச டிக்கெட் என்று சொன்னாலும் வரி உங்கள் பையிலிருந்துதான். அதற்கு மேல் சில நிறுவனங்கள் எரிபொருள் கட்டணம் மாதிரி ஒன்றைச் சேர்க்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் இது கணிசமாக இருக்கும். லண்டனிலிருந்து புறப்பட்டால் பிரிட்டிஷ் அரசின் பயண வரியும் சேர்ந்துகொள்ளும். மைலையும் கொடுத்து, பாதி டிக்கெட் காசையும் கொடுத்த உணர்வு வரும். ஏரோப்ளானில் விமான நிறுவனக் கூடுதல் கட்டணம் கிடையாது. அதனால்தான் டொரொண்டோவில் இருக்கும் உறவினர்களுக்கு யோசிக்காமல் அதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, இருக்கை. மைலுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் கொஞ்சம்தான். பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி வாரத்தில் தேடினால் இருக்காது. சேருவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம்: உங்களுக்கு வழக்கமாகத் தேவைப்படும் தடத்தையும் மாதத்தையும் கொடுத்து மைல் டிக்கெட் தேடிப் பாருங்கள். சில தளங்களில் கணக்கு இல்லாமலே தேடலாம். பத்து மாதம் கழித்து வரும் தேதிக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தத் திட்டம் உங்களுக்கு உதவாது, எவ்வளவு மைல் கொட்டினாலும் சரி.

மைலைக் கொடுத்து டோஸ்டர், பெட்டி, பரிசுச் சீட்டு வாங்காதீர்கள். மதிப்பு படுமோசமாக விழும். ஆண்டுக்கணக்கில் பூட்டியும் வைக்காதீர்கள். ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்பதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏற்றவும் செய்கிறார்கள். மைலுக்கு வட்டி கிடையாது, விலைவாசி மட்டும் உண்டு.

வங்கி அட்டைகளின் பாயிண்டை மைலாக மாற்றுவது தனிக் கதை. ஏற்கெனவே உங்களிடம் அட்டை இருந்தால், அது எந்தத் திட்டத்துக்கு மாற்றித் தரும் என்று பார்த்து, அதையும் தாளில் ஒரு வரியாகச் சேருங்கள். மைலுக்காகப் புது அட்டை வாங்குவதும், கடன் பாக்கி வைத்துக்கொண்டு பாயிண்ட் சேர்ப்பதும் வேண்டாம்.

சரி, தாள் தயாராக இருந்தால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். கணக்கைத் திறந்ததும், கடந்த ஆறு மாதத்தில் பறந்த டிக்கெட்டுகளை எடுத்து விடுபட்ட மைல் படிவத்தில் போட்டுப் பாருங்கள். சேருவதற்கு முன் பறந்ததை எல்லாத் திட்டங்களும் ஏற்காது, ஆனால் சில ஏற்கும். அக்கா மகள் தீபாவளிக்குப் போன டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். போர்டிங் பாஸை எங்கே வைத்தாள் என்றுதான் தெரியவில்லை.